அடைபட்ட பிஷப்: கறுப்பில் ஆடக் கற்பவர்களுக்கு ஒரு பாடம்

(ஆரணியில் சதுரங்கம் பயிலும் மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கறுப்புக் காய்களோடு ஆடுவதற்கு, கொஞ்சம் உயர்நிலையில் உள்ள ஒரு ஓப்பனிங்கைப் பற்றி, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறையைப் பற்றிப் பேசவேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தார்கள். பட்டியல் போட்டால் இருபது பெயர் சொல்லலாம்; வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடும். அதனால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். செமி ஸ்லாவ். அதிலும் மெரான் என்ற கிளை. 2008 அக்டோபரில், ஜெர்மனியின் பான் நகரில், உலகப் பட்டத்துக்கான போட்டியில் நம் விஸ்வநாதன் ஆனந்த் இதை இரண்டு முறை ஆடி, இரண்டு முறையும் கறுப்பில் வென்றார். மேலே தொங்கும் காட்சிப் பலகையில் அந்த ஆட்டங்களைக் காட்டுகிறேன். ஆட்டம் தெரியாத பெற்றோர்கள் பயப்படவேண்டாம். ஒரே ஒரு காயை மட்டும் கண்ணால் தொடர்ந்துவாருங்கள், போதும். எந்தக் காய் என்பதைச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. சதுரங்கத்தில் வெள்ளை முதலில் நகர்கிறது. அந்த ஒரு நகர்வுக்கு விலை உண்டு. லட்சக்கணக்கான ஆட்டங்களைத் தொகுத்துப் பார்த்தால், நூறு புள்ளிகளில் 54, 55 புள்ளி வெள்ளைக்குப் போகிறது, மீதிதான் கறுப்புக்கு. ஆகவே கறுப்பு ஆடுபவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஏதோ ஒரு குறை அதில் இருக்கும். சிலவற்றில் இடம் குறுகும். சிலவற்றில் ராஜா பாதுகாப்பில்லாமல் நிற்பார். சிலவற்றில் ஒரு காய் வெளியே வர வழியில்லாமல் கிடக்கும். குறையே இல்லாத கறுப்பு ஓப்பனிங் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். எந்தக் குறையை ஏற்றுக்கொள்வது, அதை எந்த நகர்வில் தீர்ப்பது: இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்து உட்காருகிறவர்தான் கறுப்பில் ஓப்பனிங் தெரிந்தவர். நான் இன்று சொல்லவந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்குச் சாட்சி.

இந்தப் பாடத்தை உலகத்துக்கு முதலில் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி, கல்கத்தா. ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞர் அங்கே இருந்தார். லண்டனின் வலிமையான ஆட்டக்காரர்களோடு மோதிப் பழகியவர். அவருக்கு எதிரே உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் ஆடியவர் மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி. பழைய நாட்டு ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ஐரோப்பிய ஆட்டத்தைப்போல இரண்டு கட்டம் பாயாது. அந்த முறையில் பழகியவர்களின் கை இயல்பாகவே சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக எடுத்துவைத்து, பிஷப்பைப் பக்கவாட்டில் நிறுத்தி, மையத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுத்து, பிறகு அதைத் தாக்கும். ஐரோப்பியர்களுக்கு அது அன்று விசித்திரமாகத் தெரிந்தது. இன்று உலகம் முழுக்க ஆடப்படும் கிங்ஸ் இந்தியன், குயின்ஸ் இந்தியன் போன்ற தற்காப்புகளின் பெயரில் இந்தியா ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இந்தக் கல்கத்தா ஆட்டங்கள் ஒரு முக்கியக் காரணம்.

1855-ல் காக்ரேனுக்கு எதிராகப் பானர்ஜி ஆடிய ஓர் ஆட்டம் கிடைத்திருக்கிறது. அதில் அவர் கறுப்பில் ஆடிய முறை, 1922-ல் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் பெரிய போட்டிகளில் கொண்டுவந்து தன் பெயரையே பெற்ற குரூன்ஃபெல்ட் தற்காப்பு. அறுபத்தேழு வருடம் முந்திக்கொண்டுவிட்டார் வங்காளி. அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் ஆடிய முறை தோற்கவில்லை. இன்றைக்கும் முன்னணி ஆட்டக்காரர்கள் அதை ஆடுகிறார்கள்.

இந்தக் குரூன்ஃபெல்ட் நம் கதையில் இன்னொரு முறையும் வருகிறார், இந்த முறை தோற்பவராக. வடக்கு இத்தாலியில் மெரான் என்று ஒரு மலையூர். 1924-ல் அங்கே நடந்த போட்டியில் குரூன்ஃபெல்ட் வெள்ளை, போலந்தின் அகிபா ரூபின்ஸ்டீன் கறுப்பு. ரூபின்ஸ்டீன் வென்ற அந்த ஆட்டத்தின் முறைதான் ஊர்ப்பெயரால் மெரான் என்று நிலைத்தது. இனிப் பலகைக்கு வருவோம்.

வெள்ளை ராணியின் முன்னாலுள்ள சிப்பாயை டி4-க்குத் தள்ளுகிறது. கறுப்பு டி5. வெள்ளை சி4 ஆடி அந்த டி5 சிப்பாயைக் கேள்வி கேட்கிறது. இதுதான் குயின்ஸ் காம்பிட். இங்கே கறுப்புக்கு முக்கியமாக இரண்டு வழி. இ6 ஆடி டி5-ஐத் தாங்கலாம். உறுதியான வழி, ஆனால் சி8-ல் இருக்கும் பிஷப்பின் பாதை அடைபடும். இல்லையென்றால் சி6 ஆடித் தாங்கலாம். இது ஸ்லாவ். இதில் பிஷப்புக்கு வழி திறந்திருக்கும். செமி ஸ்லாவ் என்பது இரண்டையும் சேர்த்து ஆடுவது. டி5, சி6, குதிரை எஃப்6, பிறகு இ6. இ6, டி5, சி6 மூன்று சிப்பாய்களும் முக்கோணமாக நிற்கின்றன. உடைப்பதற்கு மிகக் கடினமான அமைப்பு.

குறை எங்கே? சி8 பிஷப்பைப் பாருங்கள். முன்னால் போகலாம் என்றால் இ6 சிப்பாய் மறிக்கிறது. சரி, பி7-க்கு வந்து நீண்ட மூலைவிட்டத்தில் உட்காரலாம் என்றால் அங்கே சி6 சிப்பாய் மறிக்கிறது. இரண்டு கதவையும் தானே சாத்திக்கொண்ட பிஷப் அது. உலகத்தின் மிக மோசமான பிஷப்களில் ஒன்று என்று புதியவர்கள் நினைப்பார்கள். பெற்றோர்களே, நான் சொன்ன காய் இதுதான். இதைத் தொடர்ந்து பாருங்கள்.

இந்தக் குறையைக் கறுப்பு எப்படித் தீர்க்கிறது? அவசரப்படாமல். ஐந்தாவது நகர்வில் வெள்ளை இ3 ஆடுகிறது. கறுப்பு இன்னொரு குதிரையை டி7-க்குக் கொண்டுவருகிறது. ஆறாவதில் வெள்ளை தன் பிஷப்பை டி3-ல் வைக்கிறது. இதற்காகத்தான் கறுப்பு காத்திருந்தது. இப்போது டி5 சிப்பாய் சி4-ஐ வெட்டுகிறது. வெள்ளை பிஷப் திருப்பி வெட்டியாகவேண்டும். அதாவது டி3-க்கு வந்ததில் ஒரு நகர்வு வீண். உடனே கறுப்பு பி5 ஆடி அதே பிஷப்பைத் துரத்துகிறது. வெள்ளை பிஷப் மறுபடி டி3-க்கே போகிறது. மூன்று நகர்வு ஆடியும் அது நிற்பது, முதல் நகர்வில் வந்த அதே இடம். அந்த நேரத்தில் கறுப்பு ராணிப்பக்கத்தில் இடம் பிடித்துவிட்டது. அடுத்தது ஏ6. பிறகு சி6 சிப்பாய் சி5-க்குப் பாய்கிறது. அது நகர்ந்ததும் ஏ8-லிருந்து எச்1 வரை நீளும் மூலைவிட்டம் திறக்கிறது. அந்த மூலைவிட்டத்தின் மறுமுனைக்குப் பக்கத்தில் யார் இருப்பார்? காஸ்லிங் செய்துகொண்ட வெள்ளை ராஜா.

ஆக, ஆரம்பத்தில் ஏற்றுக்கொண்ட குறையைத் தீர்க்கும் திட்டம் இந்த அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. சி4-ல் வெட்டு, பி5, சி5, பிஷப் பி7. இந்த நான்கையும் வரிசை மாறாமல் மனப்பாடம் செய்வதைவிட, எதற்காக இந்த வரிசை என்று புரிந்துகொள்வது முக்கியம். வெள்ளை பிஷப் நகர்வதற்கு முன்பே சி4-ல் வெட்டினால் கறுப்புக்கு லாபமாக ஒரு நகர்வும் கிடைக்காது. பி5 ஆடாமல் சி5 ஆடினால் பிஷப்புக்கு இடம் இருக்காது. சி5 ஆடவே முடியாமல்போனால் அந்த பிஷப் ஆட்டம் முடியும்வரை அங்கேயே கிடக்கும். மெரான் ஆடும்போது சி5-ஐத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது பான் நகரம். 2007-ல் மெக்சிகோ நகரில் எட்டு பேர் ஆடிய போட்டியில் வென்று ஆனந்த் உலகச் சாம்பியன் ஆனார். அதற்கு முன் பட்டம் வைத்திருந்தவர் ரஷ்யாவின் விளாதிமிர் கிராம்னிக். 2000-ல் லண்டனில் காரி காஸ்பரோவை ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் வீழ்த்தியவர் அவர். அதில் அவருக்குக் கைகொடுத்ததும் ஒரு கறுப்பு ஓப்பனிங்தான்: பெர்லின் தற்காப்பு. காஸ்பரோவின் வெள்ளைக் காய்களுக்கு அங்கே வேலையே இல்லாமல் செய்துவிட்டார். அந்தக் கிராம்னிக்குக்கும் ஆனந்துக்கும் பன்னிரண்டு ஆட்டப் போட்டி, 2008 அக்டோபர் 14 அன்று தொடங்கியது.

கிராம்னிக் அன்று வெள்ளையில் டி4 ஆடிவந்தவர். அமைதியான, சின்னச் சின்ன அனுகூலங்களைச் சேர்த்துப் பிழிந்தெடுக்கும் நிலைகளில் அன்று அவரை மிஞ்ச ஆள் இருந்ததில்லை. ஆனந்தின் அணியில் பீட்டர் ஹைனே நீல்சன், ருஸ்தம் காசிம்ஜானோவ், ராதோஸ்லாவ் வொய்தாசெக், நம் சூர்ய சேகர் கங்குலி ஆகியோர் இருந்தார்கள். அவர்கள் சேர்ந்து எடுத்த முடிவு, கிராம்னிக்குக்குப் பிடித்த அமைதியை அவருக்குக் கொடுக்கவே கூடாது என்பது. காலமெல்லாம் வெள்ளையில் இ4 ஆடிவந்த ஆனந்த் இந்தப் போட்டியில் டி4-க்கு மாறினார். கறுப்பில் எடுத்தது மெரான்.

அக்டோபர் 17, மூன்றாவது ஆட்டம். நான் சொன்ன அதே வரிசை வந்தது. ஒன்பதாவது நகர்வில் வெள்ளை இ4, கறுப்பு சி5. பத்தாவதில் வெள்ளை இ5 தள்ளி எஃப்6 குதிரையைத் தாக்குகிறது. கறுப்பு ஓடவில்லை, டி4-ல் வெட்டுகிறது. இரு பக்கமும் ஒரு குதிரையை வெட்டிக்கொள்கின்றன. கறுப்பின் எஃப்6-ல் இப்போது சிப்பாய். ராஜாப்பக்கச் சிப்பாய் அமைப்பு சிதைந்துவிட்டது. கறுப்பு ராஜா இன்னும் நடுவில், இ8-லேயே நிற்கிறார். காஸ்லிங் செய்துகொள்ள நல்ல இடம் எந்தப் பக்கமும் இல்லை. பதினான்காவது நகர்வு: பிஷப் பி7. மேல்மட்ட ஆட்டங்களில் அதுவரை அதிகம் புழங்காத நகர்வு. பி5 சிப்பாயை விட்டுக்கொடுத்து, நீண்ட மூலைவிட்டத்தில் போய் உட்கார்ந்தது அந்தக் காய். பதினைந்தில் கிராம்னிக் பி5-ஐ வெட்டினார்.

இந்த நிலையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். காய்கள் சமம். ராணிப்பக்கத்தில் வெள்ளையின் ஏ, பி சிப்பாய்கள் இரண்டும் எதிரே தடுக்க ஆளில்லாமல் நிற்கின்றன. நாளைக்கு ராணிகள் மாறிவிட்டால் அந்த இரண்டும் கைகோத்து நடந்தே ஜெயித்துவிடும். கறுப்பிடம் என்ன இருக்கிறது? ஜி வரிசை திறந்திருக்கிறது. அதில் யானை வரும். நீண்ட மூலைவிட்டத்தில் பிஷப். அவ்வளவுதான். ஆனால் இரண்டும் ஒரே ஆளைக் குறிவைக்கின்றன.

யானை ஜி8-க்கும் பிறகு ஜி4-க்கும் வந்தது. கிராம்னிக் தன் குதிரையைத் தியாகம் செய்து, இழந்த காயைத் திருப்பி எடுத்தார். இருபத்துநான்காவது நகர்வு முடிந்தபோது வெள்ளைக்கு ஐந்து சிப்பாய், கறுப்புக்கு மூன்றே மூன்று. கணக்குப் பார்ப்பவர் கறுப்பு தோற்கிறது என்பார். ஆனால் வெள்ளை ராஜாவைச் சுற்றி வேலி இல்லை. இங்கிருந்துதான் பிஷப்பின் பயணம். இருபத்தேழாவது நகர்வில் பி7-லிருந்து ஜி2-க்கு இறங்கிச் செக். அடுத்தது எச்3. பிறகு ஜி4-க்கு வந்து ராணியைத் தாக்கியது. எஃப்5-ல் செக். மறுபடி எச்3. மறுபடி எஃப்5-ல் செக். கடைசியில் நாற்பத்தொன்றாவது நகர்வு, பி1-ல் செக். கிராம்னிக் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். நான்காவது நகர்வில் இரண்டு கதவும் சாத்தப்பட்டு சி8-ல் கிடந்த அதே பிஷப்.

அடுத்த வெள்ளை ஆட்டத்தில் கிராம்னிக் என்ன செய்திருக்கவேண்டும்? வேறு பக்கம் போயிருக்கலாம். போகவில்லை. அக்டோபர் 20, ஐந்தாவது ஆட்டத்தில் அதே வரிசையில் மறுபடி இறங்கினார். இடையில் தன் அணியோடு உட்கார்ந்து ஏதோ கண்டுபிடித்திருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். முதலில் வழி மாறியவர் ஆனந்த். மூன்றாவது ஆட்டத்தில் பதினைந்தாவது நகர்வாக பிஷப் டி6 ஆடியவர், இதில் யானை ஜி8 ஆடினார். ஒரு நிலைக்கு இரண்டு பதில் தயாராக வைத்திருந்தவருக்கு எதிரே, ஒரு பதிலுக்குத் தயாராகி வந்தவர் உட்கார்ந்திருந்தார்.

இருபத்தொன்பதாவது நகர்வில் கிராம்னிக் டி4 சிப்பாயைக் குதிரையால் வெட்டினார். கணக்கு சரியாகவே தெரிந்தது. கறுப்பு ராணி குதிரையை வெட்டும். வெள்ளை யானை டி1-க்கு வந்து ராணியைத் தாக்கும். ராணி விலகினால் டி7 குதிரை போகும். ஆனந்த் முப்பதாவதாக அந்தக் குதிரையை எஃப்6-க்கு நகர்த்தி வெள்ளை ராணியைத் தாக்கினார். ராணிக்கு ராணி போயின. வெள்ளை யானை டி7-ல் செக் வைத்து, அடுத்த நகர்வில் பி7 பிஷப்பை வெட்டியது. பிஷப்தான் இரை. வெள்ளை யானை அதை எடுக்கப் போன நேரத்தில் கறுப்பு யானை சி1-ல் செக். வெள்ளை பிஷப் எஃப்1-ல் வந்து மறித்தது. அப்போது கறுப்புக் குதிரை இ3-ல் போய் நின்றது. வெள்ளை அதைச் சிப்பாயால் வெட்டியது. கறுப்புச் சிப்பாய் திருப்பி வெட்டி இ3-ல் நின்றது. அடுத்து இ2 வரும். அதை நிறுத்த ஆள் இல்லை. முப்பத்தைந்து நகர்வில் ஆட்டம் முடிந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் அந்த பிஷப் கொன்றது. ஐந்தாவதில் பலியாகி வழிவிட்டது. ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் வெள்ளையிலும் வென்றார். இறுதி எண்ணிக்கை ஆறரைக்கு நாலரை, பதினோரு ஆட்டங்களில். ஆனந்தின் மூன்று வெற்றிகளில் இரண்டு கறுப்பில் வந்தவை.

கிராம்னிக்குக்கும் இந்த ஓப்பனிங் தெரியும்; நகர்வுகளும் தெரியும். அப்படியிருக்க வித்தியாசம் எங்கே வந்தது? தயாரிப்பு முடிந்து சொந்த மூளை வேலை செய்யவேண்டிய இடத்தில் வந்தது. தறி ஓடும் இந்த ஊரில் இதைச் சொல்வது எளிது. ஜக்கார்டு அட்டை குத்தி மேலே ஏற்றியாகிவிட்டது, பூ தானாக விழும் என்று எந்த நெசவாளியும் கண்ணை மூடிக்கொள்வதில்லை. இழை அறுந்தால் அந்த இடத்தில் கை நிற்கவேண்டும், முடிச்சுப் போடவேண்டும். வீட்டுத் தயாரிப்பு என்பது அட்டை. பலகை முன்னால் அறுந்த இழையைப் பார்க்கும் கண் வேறு. ஆனந்திடம் அன்று இரண்டும் இருந்தன.

இது ஒரே போட்டியோடு முடிந்த கதை என்று நினைக்கவேண்டாம். 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ ஊரில், லெவோன் அரோனியனுக்கு எதிராக ஆனந்த் மறுபடி மெரான் ஆடினார், கறுப்பில்தான். பி7-ல் ஒரு பிஷப், சி5-ல் ஒரு பிஷப், இரண்டும் வெள்ளை ராஜாவை நோக்கி. இருபத்துமூன்றே நகர்வில் வெற்றி. அதைப் பார்த்தவர்கள் 1907-ல் லோட்ஸ் நகரில் ரோட்லேவியை வீழ்த்திய பழைய ஆட்டத்தை நினைத்துக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தைக் கறுப்பில் ஆடியவர் யார் தெரியுமா? மெரானின் அதே ரூபின்ஸ்டீன். நல்ல ஆட்டக்காரர்கள் பழைய ஆட்டங்களை ஏன் பார்க்கிறார்கள் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இது பதில்.

எப்போதும் கூர்மையான ஓப்பனிங்தான் ஆடவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. 2010, பல்கேரியாவின் சோஃபியா. உலகப் பட்டப் போட்டியின் பன்னிரண்டாவது, கடைசி ஆட்டம். ஆனந்தும் வெசலின் தோபலோவும் ஐந்தரைக்கு ஐந்தரை சமம். ஆனந்துக்குக் கறுப்பு, எதிராளி ஆடுவது அவருடைய சொந்த நாட்டில். அன்று ஆனந்த் மெரான் ஆடவில்லை. இமானுவேல் லாஸ்கரின் பெயரில் உள்ள பழைய, அமைதியான தற்காப்பை எடுத்தார். காய்களை மாற்றிக்கொண்டு மூச்சுவிடும் இடம் தேடுவது அதன் வேலை. சற்றுச் செயலற்ற நிலை என்பது அதன் குறை. அமைதியான நிலையை அமைதியாக விட மனமில்லாமல் தோபலோவ் திறந்துவிட்டார், தோற்றார். பட்டம் ஆனந்திடமே இருந்தது.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். இன்னொரு உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். ஆறரைக்கு ஆறரை. சென்னையின் குகேஷுக்குக் கறுப்பு; எதிரே சீனாவின் டிங் லிரென். ஓப்பனிங்கில் குகேஷுக்கு ஒரு சிரமமும் வரவில்லை. பிறகு ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்த, ஆனால் சமனில் முடியக்கூடிய நிலையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். ஐம்பத்தைந்தாவது நகர்வில் டிங் யானையை எஃப்2-க்கு நகர்த்தினார். யானையும் பிஷப்பும் மாறிக்கொண்டால் மிஞ்சும் சிப்பாய் ஆட்டம் கறுப்புக்கு வெற்றி என்பதைக் குகேஷ் பார்த்தார். ஐம்பத்தெட்டாவது நகர்வில் முடிந்தது. பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன். சோஃபியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்நாட்டுக்காரர்கள் பட்டத்தை முடிவுசெய்த கடைசி ஆட்டத்தைக் கறுப்பில்தான் வென்றார்கள்.

இனி பிள்ளைகளுக்கு நேராகச் சில வார்த்தை. செமி ஸ்லாவ் எல்லோருக்கும் உடனே பொருந்தாது. ராஜாவை நடுவில் வைத்துக்கொண்டு ஆடப் பயப்படுகிறவர்கள் முதலில் சாதாரண இ6 தற்காப்பில் ஒரு வருடம் ஆடிவிட்டு வாருங்கள். தயாராக இருப்பவர்கள் முதல் நான்கு நகர்வோடு தொடங்குங்கள். வெள்ளை எப்போதும் மெரானுக்குள் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. நான்காவது நகர்வுக்குப் பிறகு பிஷப்பை ஜி5-ல் வைத்தால் ஆட்டம் மாஸ்கோ, போட்வின்னிக் கிளைகளுக்குப் போகும். அங்கே நிலை இன்னும் கொந்தளிப்பு. ஆறாவதில் ராணியை சி2-ல் வைத்தால் வெள்ளை உங்கள் நகர்வு லாபத்தைத் தர மறுக்கிறது என்று பொருள். நிதானமாகக் காய்களை எடுத்துவைக்கவேண்டும். சிப்பாய்களை ஆரம்பத்திலேயே டி5-ல் மாற்றிக்கொண்டால் வேறு நிலை. இ6 சிப்பாய் டி5-க்குப் போய்விட்டால் உங்கள் சி8 பிஷப்புக்குக் கதவு தானாகவே திறந்துவிடும். ஒவ்வொரு கிளையிலும் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: என் பிஷப் எந்த வழியாக, எப்போது வெளியே வரும்?

கணினி எஞ்சின் இன்று எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. அது எந்த நகர்வு நல்லது என்று ஒரு நொடியில் சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதனால் முதலில் பலகையில் காய்களை வைத்து நீங்களே யோசியுங்கள். தோன்றியதை நோட்டில் எழுதுங்கள். அதற்குப் பிறகு எஞ்சினைத் திறங்கள். உங்கள் எண்ணமும் அதன் எண்ணும் மோதும் இடத்தில்தான் படிப்பு இருக்கிறது. பானின் மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களையும், வைக் ஆன் ஸீ ஆட்டத்தையும் தாளைப் பார்க்காமல் பலகையில் ஆடிக்காட்ட முடியும்வரை திரும்பத் திரும்ப ஆடுங்கள். சிப்பாய் ஆட்ட முடிவுகளையும் விடாமல் படியுங்கள். சிங்கப்பூரில் பட்டம் கைமாறியது அங்கேதான்.

பெற்றோர்களே, பிள்ளை போட்டியிலிருந்து வந்ததும் ஜெயித்தாயா தோற்றாயா என்று கேட்பதற்கு முன்னால், எந்த இடத்தில் யோசித்தாய் என்று கேளுங்கள். கறுப்பில் தோற்றுவந்தால், கறுப்புதானே, பரவாயில்லை என்று ஆறுதலும் சொல்லாதீர்கள். அந்தப் பேச்சு பிள்ளையின் மனத்தில் போய் உட்கார்ந்துகொண்டால், அடுத்த ஆட்டத்தில் முதல் நகர்வுக்கு முன்பே பாதி தோல்வி வந்துவிடும். போட்டியில் நீங்கள் ஆடும் ஆட்டங்களில் பாதி கறுப்பில்தான் வரும், பிள்ளைகளே. ஒரு கறுப்பு ஓப்பனிங்கைத் தேர்ந்தெடுங்கள். அதன் குறை என்ன என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வருடம் அதை மாற்றாதீர்கள்.